கோத்தாகெடே: வீட்டுக்குள் ஓடும் தெரு

நண்பர்களே, வணக்கம். இந்தோனேசியாவின் ஜாவாவுக்குப் போகிறவர்களில் பலர் போரோபுதூர் பௌத்தக் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே தீவில், யோக்யகர்த்தா நகரத்தின் தென்கிழக்கே கோத்தாகெடே இருக்கிறது. அங்கேயும் ஒரு நாள் நடந்து பாருங்கள். அந்தப் பெயருக்குப் 'பெரிய நகரம்' என்று பொருள். 'கோத்தா' நம் கோட்டைக்கு உறவுக்காரச் சொல்தான்.

16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாத்தாராம் அரசின் தலைநகரம் அது. அடுத்த நூற்றாண்டிலேயே தலைநகரம் வேறிடம் போய்விட்டது. வெள்ளி வேலைக்காரர்களின் பரம்பரை மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. ஒரு பட்டறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். குங்கிலியமும் செங்கல்பொடியும் எண்ணெயும் கலந்த அரக்கின் மேல் வெள்ளித் தகட்டைப் பதித்து, சின்னச் சின்ன உளிகளால் தட்டித் தட்டிப் பூவும் கொடியும் எழுப்புகிறார்கள். தஞ்சாவூர்த் தட்டு செய்கிறவர்களுக்கு இந்த வேலை அந்நியமாகத் தெரியாது. முடிந்ததும் எதில் தேய்த்துக் கழுவுகிறார்கள் தெரியுமா? நம் பூந்திக்கொட்டையின் இனத்துக் காயில்!

அப்புறம் வீடுகள். ஜோக்லோ என்பார்கள். நடுவில் நான்கு பெரிய தூண்கள், அவற்றின் மேல் அடுக்கடுக்காக உத்திரங்கள், உயர்ந்த கூரை. முன்னால் திறந்த மண்டபம், பின்னால் குடும்பம் வாழும் வீடு. ஓரிடத்தில் இப்படிப்பட்ட வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் மண்டபத்துக்கும் உள்வீட்டுக்கும் நடுவே உள்ள இடத்தை ஊர் நடக்கும் வழியாக விட்டிருக்கிறார்கள். நிலம் அவரவருடையது, பாதை எல்லாருடையது. 'ருகுனான்' வழி என்று பெயர். 'ருகுன்' என்றால் இணக்கம். ஒரு சாண் நிலத்துக்குக் கோர்ட் ஏறும் குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பாதையில் நின்றபோது மனம் நெகிழ்ந்துபோனது.

2006 மே 27 நிலநடுக்கத்தில் அங்கே ஏராளமான ஜோக்லோக்கள் இடிந்தன. திரும்பக் கட்ட வழியில்லாத சிலர் மரச்சட்டங்களை வெளியூர்க்காரர்களுக்கு விற்றார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது? காஜா மாடா பல்கலைக்கழகம் சேதமடைந்த ஒரு ஜோக்லோவை வாங்கிச் சீரமைத்தது. அப்படி இன்னும் பல கைகள் நீண்டிருக்க வேண்டும்.

சரி, போகிறவர்கள் லெகி நாள் பார்த்துப் போங்கள். ஜாவானியர்களின் ஐந்து நாள் வாரத்தில் அது ஒரு நாள். சந்தை நிரம்பி வழியும். அந்த ஊரின் கீப்போ என்ற பலகாரத்தையும் சாப்பிடுங்கள். பச்சை நிறத்தில், கட்டைவிரல் அளவில், உள்ளே தேங்காயும் வெல்லமும் வைத்து ஓட்டில் சுட்டுத் தருவார்கள்.