தாலி, மீட்டர் 2 வெள்ளி

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், எதிரணிக்கு அனுதாபம், மற்ற எல்லாருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. பந்தி ஆறிப்போவதற்குள் முடிக்கச் சொல்லிக் கோயில் தலைவர் சைகை காட்டிவிட்டார்.

பொருளைத் தருவது சொல்லா, சூழலா? நான் சூழல். இதைப் பேச இந்த ஊரைவிட நல்ல ஊர் கிடைக்காது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெரியவரிடம், "பத்தாங் பெர்ஜுந்தை இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். "பெஸ்தாரி ஜெயான்னு பலகை போச்சே, அதுதான்யா" என்றார். 2007-இல் பேரை மாற்றினார்கள். பழைய பேருக்கு மலாயில் நேர் அர்த்தம், தொங்கும் மரக்கட்டை. அதில் சிரிக்க என்ன இருக்கிறது? தெரியாத பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பாவைக் கேளுங்கள். அம்மாவைக் கேட்க வேண்டாம்.

சரி, கதைக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்துப் பக்கம் ஒரு சீனத் தவ்கே, அதான் முதலாளி, சாமான் கடை வைத்திருந்தார். நம் 'கடை'தான் மலாயில் 'கெடாய்' ஆனது. அந்தக் கடனை மலாய் எப்படித் திருப்பித் தந்தது என்று பாருங்கள். தோட்டத்து ஆள்கள் மாடு வளர்க்கிறார்கள் என்று தவ்கே கட்டுக் கட்டாக நைலான் கயிறு இறக்கினார். தமிழில் விளம்பரம் வைக்க ஒரு பையனைப் பிடித்தார். கயிற்றுக்கு மலாயில் 'தாலி'. தவ்கே சொன்னதைப் பையன் அப்படியே எழுதினான்: 'இங்கே தாலி கிடைக்கும். மீட்டர் 2 வெள்ளி.' வெள்ளி என்றால் நம் ரிங்கிட்.

பேத்தி கல்யாணத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த அப்பாயி ஒருவர் அந்தப் பலகையைப் பார்த்தார். மீட்டர் கணக்கிலா? நெஞ்சில் கைவைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"தாலி இருக்கா?"

"இருக்கு பாட்டி. மெல்லிசா, தடிப்பா?"

"பொண்ணு கழுத்துக்குய்யா."

தவ்கே யோசித்தார். பசுமாட்டுக்குப் பொண்ணு என்று பேர் வைத்திருக்கிறார்கள்போல. "பொண்ணு ஓடுமா?"

"நல்ல குடும்பத்துப் பொண்ணுய்யா!"

"நல்லதும் ராத்திரி அத்துக்கிட்டு ஓடும் பாட்டி. இத கட்டு, லோரி இழுத்தாலும் அறாது. ஒரு முனை கழுத்துல, இன்னொரு முனை மரத்துல."

"அப்ப மாப்பிள்ளை?"

"அதுக்கும் சேத்து வாங்கு. 10 மீட்டர் எடுத்தா விலை குறைக்கிறேன்."

பின் வரிசை அக்காமார்கள் இப்போதுதான் சிரிக்கிறார்கள், அதனால் இன்னொரு தடவை: ஒரு முனை கழுத்தில், இன்னொரு முனை மரத்தில். எனக்குக் கல்யாணமாகி 26 வருஷம். தவ்கே சொன்னதில் தப்பே இல்லை. கழுத்து யாருடையது, மரம் யார் என்பதில்தான் எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

அந்தப் பலகையில் எழுத்துப் பிழை உண்டா ஐயா? வாய்விட்டு வாசித்தால் மலாய்க்காரர் காதில் கயிறு, அப்பாயி காதில் கல்யாணம். சொல் ஒன்றுதான்.

அடுத்து, எதிரணி டீச்சர் அக்கா. சற்றுமுன் என்னைப் பார்த்து என்ன சொன்னார்? "இந்தத் தம்பி போன மாதம் கிள்ளானில் இதே தலைப்பில் 'சொல்லே' என்று பேசினார், இன்றைக்கு 'சூழலே' என்கிறார். பச்சோந்தி." நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், நன்றாகத்தான் இருந்தது.

அக்கா, பேசினேன். அங்கே உங்கள் பக்கம், மன்னிக்கணும், இப்போது உங்கள் பக்கமாக இருக்கிற அந்தப் பக்கம் ஓர் ஆள் குறைந்தது. "தம்பி, அங்க போய் உக்காருங்க" என்றார் ஒருங்கிணைப்பாளர். வெறும் 'உக்காருங்க'தான். அதற்குள்ளே ஒரு உறை இருக்கிறது என்பது சூழலில் புரிந்தது, உட்கார்ந்தேன். ஆனால் அக்கா ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். அன்றைக்குக் கிள்ளானில் எனக்கு எதிரே உட்கார்ந்து, 'சூழலே' என்று மேசையைத் தட்டித் தட்டிப் பேசியது யார்? இதோ, தண்ணீர் குடிக்கிறார் பாருங்கள்! குடிங்க அக்கா, மெதுவா.

அன்றைக்குத் தீர்ப்பு அவர் பக்கம். சூழல்தான் ஜெயித்தது. நடுவர் ஐயா, எனக்குப் புதுத் தீர்ப்பு எதுவும் வேண்டாம். அக்கா வாங்கிக்கொண்டு போன தீர்ப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், போதும்.

கலைக்கு ஒரு நிமிடம். 1917-இல் நியூயார்க்கில் மார்செல் டுஷாம்ப் என்ற பிரெஞ்சுக் கலைஞர், கடையில் விற்கிற பீங்கான் சிறுநீர்த் தொட்டி ஒன்றில் 'ஆர். மட்' என்று கையெழுத்துப் போட்டு, 'நீரூற்று' என்று பேர் வைத்துக் கண்காட்சிக்கு அனுப்பினார். 6 டாலர் கட்டினால் யார் எதை அனுப்பினாலும் வைப்போம் என்றவர்கள் இதை மட்டும் வைக்கவில்லை. தொட்டியும் தொலைந்தது. 1964-இல் அவர் சம்மதத்தோடு செய்த நகல்கள் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. அங்கே அதைத் தொடக்கூடாது. நம் பஸ் நிலையத்தில் சில்லறை கொடுத்தால் போதும்.

மணி அடித்துவிட்டார் நடுவர். ஐயா, விடியற்காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கத் தண்டவாளத் துண்டில் அடிக்கிற பெரட்டு மணிக்கு எழுந்த வீட்டுப் பிள்ளை நான், இதற்குப் பயப்படமாட்டேன். இன்னும் இரண்டு நிமிடம்.

என் அம்மா பால்மரம் வெட்டினவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். பட்டை ஈரமாக இருந்தால் உளி வைக்க முடியாது. வெட்டினாலும் பால் கோட்டில் நிற்காமல் மரத்தோடு வழிந்துவிடும். அன்றைக்குக் கூலி கிடையாது. லயத்து வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "மழ பேஞ்சா ஏது பால்?" என்பார். உள்ளே நாங்கள் டின் பால் கேட்டு அழுவோம். எங்கள் பக்கம் திரும்பி, அதற்கும் அதையேதான் சொல்வார்.

போன வருஷம் என் மகள் முதல் சம்பளத்தில் பாட்டியைக் கோலாலம்பூரில் ஒரு கோப்பிக் கடைக்கு அழைத்துப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். குளிர்சாதனம், கண்ணாடிச் சுவர். மேசைமேல் அலங்காரத்துக்கு ஒரு பீங்கான் மங்கு, அதற்குள் ஒரு காகிதப் பூ. மரத்தில் பால் பிடிக்கக் கட்டுவோமே, அதே மங்கு. அம்மா பூவை எடுத்து ஓரமாக வைத்தார். விரலை மங்குக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்தார். அப்புறம் விரலைப் பார்த்தார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கடைப் பெண் வந்தாள், நம் பிள்ளைதான், தமிழில்தான் கேட்டாள்.

"பாட்டி, பால் சேர்க்கவா, பால் இல்லாம கோப்பி ஓ போடவா?"

அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

"மழ பேஞ்சா ஏதும்மா பால்?"

அந்தப் பிள்ளை எங்கள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, தாளில் 'கோப்பி ஓ' என்று எழுதிக்கொண்டு போய்விட்டது.