ஆற்றில் போட்டாலும் அளந்து போடு
(மகளிர் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வேலை நாளிலும் வந்து சிறப்பித்த வங்கி மேலாளர் ஐயா அவர்களே, பந்தலும் போட்டு டீயும் கொடுத்த இளைஞர் மன்றத் தம்பிகளே, தாய்மார்களே, வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்தருள வேண்டும்.

மூன்று செய்தி சொல்ல வந்தேன்: விலைக் கணக்கை எப்படி எழுதுவது, எதை எழுதுவது, அதைக் காட்டிக் கூலி உயர்வு கேட்பது எப்படி.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளக்காத ஒரு வீட்டுச் சண்டையைக் கேளுங்கள். மாதம் மூன்று ஒரு லிட்டர் பாக்கெட் எண்ணெய். முப்பதாம் தேதிவரை வரும். திடீரென்று இருபத்தைந்திலேயே தீர்ந்தது. "எண்ணெயிலேயே குளிக்கிறியாடி?" என்றார் மாமியார். "உங்க பிள்ளைக்குத் தினம் அப்பளம் வேணுமே, அத்தை!" என்றாள் மருமகள். பிள்ளை வாயே திறக்கவில்லை, விவரமானவர். மூன்று மாதம் இதே கச்சேரி. கடைசியில் ஏழாவது படிக்கும் பேத்தி பாக்கெட்டைப் புரட்டிப் படித்தாள்: 850 மி.லி. அதே பை, அதே படம், அதே விலை. மாதம் 450 மி.லி. போயே போச்சு. அப்பளத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை!

ஆகவே நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, சாமான், அளவு, விலை, கிலோ விலை. விலையைக் கிராமால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ விலை. ஒரே கடை, ஒரே ரகம். இந்த மாதம் பொன்னி, அடுத்த மாதம் இட்லி அரிசி என்று எழுதினால், விலை ஏறியதா ரகம் மாறியதா என்றே தெரியாது. சிலிண்டர் விலையை அது ஓடிய நாளால் வகுங்கள். வாங்கும்போதே எடை போடச் சொல்லுங்கள். அதில் குறித்திருக்கும் காலி எடையோடு 14.2 கிலோ சேர்ந்து நிற்க வேண்டும். நாப்கினுக்கு 2018 ஜூலையில் 12 சதவீத ஜி.எஸ்.டி. நீங்கியது. ஆனால் 40 ரூபாய்ப் பாக்கெட்டில் எட்டு ஏழானால், ஒன்று 5 ரூபாயிலிருந்து 5.71 ஆகிவிடும். அதனால்தான் சொல்கிறேன், ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

இங்கேதான் நம் கோரிக்கை. பாக்கெட்டில் அலகு விலை, அதாவது ஒரு கிராமுக்கோ ஒரு கிலோவுக்கோ என்ன விலை என்று அச்சிட வேண்டும் என 2021இல் விதியைத் திருத்தினார்கள். நல்லது. ஆனால் ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் விலைதான் வரும். ரூ.0.18, ரூ.0.21 என்று பொடி எழுத்தில் இருந்தால் யாருக்கு உறைக்கும்? அதையே கிலோ 180, கிலோ 210 என்று போட்டால் முப்பது ரூபாய் முகத்தில் அடிக்கும். எந்தப் பாக்கெட்டானாலும் கிலோ விலை, லிட்டர் விலை, பெரிய எழுத்தில், தமிழில் வேண்டும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கூலி விஷயம் அடுத்த கூட்டத்துக்கு. மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் யாரும் பஸ் ஏறிவிடாதீர்கள். வணக்கம்.