பிரஷர் எங்கிருந்து ஏறுகிறது?

[திரையில்: 160/100 காட்டும் மீற்றர்]

பிரஷர் 160 என்றதும் எங்கட சனத்தின் கை நெஞ்சுக்குத்தான் போகும். கொஞ்சம் கீழே, முதுகுப் பக்கம் இருக்கும் சிறுநீரகத்தைப் பாருங்கள்.

[திரையில்: சிறுநீரக நாடியில் வெள்ளிக் கவ்வி]

1934. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹரி கோல்ட்பிளாட் என்ற மருத்துவ ஆய்வாளர், நாய்களின் சிறுநீரக நாடியில் திருகாணி வைத்த ஒரு வெள்ளிக் கவ்வியை மாட்டினார். திருகினால் நாடி ஒடுங்கும், முழுதாக மூடாது. குருதியமுக்கம் ஏறியது, இறங்காமல் நின்றது. இதயத்தை அவர் தொடவேயில்லை.

இரத்தம் குறைந்து வந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியத்தைச் சுரக்கும். 1898இலேயே டிகர்ஸ்டெட், பெர்க்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முயலில் கண்ட பொருள் இது. பல வருடம் யாரும் கணக்கெடுக்கவில்லை. ரெனினின் வேலையால் கடைசியில் உருவாகும் அஞ்சியோடென்சின் 2 என்ற ஹோர்மோன் புன்னாடிகளை, அதாவது மிகச் சிறிய நாடிகளை ஒடுக்கும், அல்டோஸ்டெரோன் என்ற இன்னொரு ஹோர்மோனைத் தூண்டி உப்பையும் தண்ணீரையும் உடம்பில் நிறுத்தும். பிரஷருக்குப் போடும் எனலாபிரில் குளிசை இந்த அஞ்சியோடென்சின் 2 உருவாவதைத் தடுக்கிறது. லொசார்டன் குளிசை அது போய் ஒட்டும் இடத்தை அடைக்கிறது.

பிரஷர் உள்ள பெரும்பாலானவர்களுக்கு இப்படிச் சிறுநீரக நாடி ஒடுக்கம் ஒன்றுமில்லை. ஆனால் சாப்பிட்ட உப்பை வெளியேற்றவே அவர்களின் சிறுநீரகத்துக்குக் கூடிய அமுக்கம் தேவைப்படுகிறது. நாளுக்கு 5 கிராம், அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டி உப்புக்குள் நிற்க வேண்டும். கருவாடு, மோர்மிளகாய், ஊறுகாய் எல்லாம் அந்தக் கரண்டிக்குள் அடக்கம். ஆனையிறவு உப்பென்றாலும் சோடியம் சோடியம்தான். மூட்டுவலிக்குத் தொடர்ந்து போடும் டைக்குளோபெனாக்கும் உப்பைத் தேக்கும். குளிசை போட்டும் பிரஷர் இறங்காதவர்கள் இதை வைத்தியரிடம் சொல்லாமல் விடுவதுண்டு.

[திரையில்: இடது இதயவறையின் குறுக்குவெட்டு]

இனி இதயம். வருடக்கணக்காகக் கூடிய அமுக்கத்துக்கு எதிராகத் தள்ளும் இடது இதயவறையின் சுவர் தடிக்கும். சாதாரணமாக 10 மில்லிமீற்றர் வரை இருப்பது 12, 14 ஆகும். தசை சுருங்கக் கலத்துக்குள் கல்சியம் கூட வேண்டும். தளர, அதே கல்சியத்தைத் திருப்பிப் பம்பி எடுக்க வேண்டும், அதற்கும் சக்தி செலவாகும். தடித்து விறைத்த தசை நேரத்துக்குத் தளராது. இதயவறை லேசில் நிரம்பாது, பின்னால் நுரையீரலில் அமுக்கம் ஏறும், படி ஏறினால் மூச்சு வாங்கும்.

எக்கோ என்ற இதய ஸ்கேன் அறிக்கையில் ஈ.எஃப். 60% என்று நல்லாகவே இருக்கும். அது இதயவறையில் உள்ள இரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியே போகும் பங்கைத்தான் சொல்கிறது. சுவரின் தடிப்பு எவ்வளவு, தளர்வு எப்படி என்று வைத்தியரிடம் தனியாகக் கேளுங்கள்.