வேலியில் பூத்த கண்வலிப்பூ

எல்லோருக்கும் வணக்கம். மருந்துவாழ் மலையடிவாரத்தில் நின்று மூலிகை பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். இங்கே இருக்கிற பாதிப் பேருக்கு என்னைவிட அதிகம் தெரியும். அதனால் ஒரே ஒரு செடியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலியேறிப் பூக்கிறதே, அந்தக் கண்வலிப்பூ. செங்காந்தள் என்றால் பிள்ளைகள் உடனே "நம்ம மாநிலப் பூ" என்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், மேந்தோன்னி. கிழங்கு ஏர்போல் வளைந்திருப்பதால் வைத்தியர்களுக்குக் கலப்பைக்கிழங்கு. உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று என் ஆச்சி சொல்வாள். எங்களைக் கிட்டே விடாமலிருக்கச் சொன்னது என்று இப்போது தோன்றுகிறது.

பேறு தாமதமானால் மருத்துவச்சிகள் இந்தக் கிழங்கை அரைத்து அடிவயிற்றிலும் உள்ளங்காலிலும் பூசினார்கள். தோல் நோய்க்கும் தேள்கடிக்கும் பேனுக்கும்கூட மேற்பூச்சுதான். உள்ளுக்குக் கொடுக்கும் வைத்திய ஆசான்கள் கோமூத்திரத்தில் ஊறவைத்துச் சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள்.

இந்தக் கிழங்கில் அவர்கள் பயந்த நஞ்சின் பெயர் கோல்சிசின். 1820இல் பிரான்சில் இரண்டு வேதியியலாளர்கள் இதை வேறொரு கிழங்கிலிருந்து பிரித்தெடுத்தார்கள். யூரிக் அமிலத்தால் கால் பெருவிரல் வீங்கித் துடிக்கிறவர்களுக்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரையும் இதுதான். ஒரு மாத்திரையில் வெறும் 0.5 மில்லிகிராம். வீட்டில் கிழங்கை அரைக்கிற கைக்கு அந்த அளவு எப்படித் தெரியும்? இது செல்கள் பிரிவதைத் தடுக்கும். குடலும் எலும்பு மஜ்ஜையும் மயிர்க்காலும் ஓயாமல் புதிய செல்களை உண்டாக்குகிற இடங்கள். அடி அங்கேதான் முதலில் விழும்.

நம்ம ஊர் மரச்சீனியும் காச்சிலும் சிறுகிழங்கும் தின்று வளர்ந்த ஊர். மண்ணுக்கடியில் எது கிடைத்தாலும் அவித்துவிடலாம் என்று கை போகும். சரி, மரச்சீனியில் கசப்பு இருந்தால் வேகவைத்துத் தண்ணீரை வடிக்கிறோம். இந்தக் கிழங்கிடம் அந்த வித்தை பலிக்காது. எவ்வளவு கொதித்தாலும் நஞ்சு அப்படியே நிற்கும். தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சோடா குடித்துப் படுத்துவிடுவார்கள். ஒருநாள் கழிந்தபின் இரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீரகம் மக்கர் பண்ணும், இரத்த அணுக்கள் குறையும். பிழைத்தவர்களுக்கு இரண்டு வாரத்தில் முடி கொத்தாகக் கொட்டும். எளிதில் கிடைக்கும் மாற்று மருந்து கிடையாது. ஆகவே முதல் வாந்தியிலேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிச்சக் கிழங்கையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அதைப் பார்த்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

கிழங்கையே இங்கே கொண்டுவரலாமா என்று யோசித்தேன். முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள் இருப்பார்களே! படம்தான் கொண்டுவந்தேன். பார்த்துவிட்டுப் பின்வரிசைக்குக் கொடுங்கள்.