30 பாகையிலும் ஆறிப்போகும் கால்கள்

வணக்கம். கொழும்பில் விளையாடும் ஒருவரிடம் "உடம்பைச் சூடாக வைத்துக்கொள்" என்று சொன்னால் சிரிப்பார். சித்திரை வெயிலில் வியர்வை வழிய நிற்பவருக்கு இன்னும் எதற்குச் சூடு? நியாயமான கேள்விதான். ஆனால் நாம் பேசப்போவது தோலில் தெரியும் சூட்டைப் பற்றியல்ல, தொடைத் தசைக்குள் இருக்கும் சூட்டைப் பற்றி.

[காட்சி: தொடைத் தசையின் படம், பக்கத்தில் வெப்பமானி]

போட்டிக்கு முன் உடம்பைச் சூடேற்றும் பயிற்சியான வோர்ம் அப்பை ஒழுங்காகச் செய்து முடித்த வீரரின் தொடைத் தசை 38, 39 பாகை செல்சியஸ் வரை ஏறியிருக்கும். வெளியே 30 பாகை என்றாலும் அந்தத் தசைக்கு அது குளிர்ந்த காற்றுதான். ஓட்டம் நின்றதும் தசை வெப்பத்தை உண்டாக்குவது குறைகிறது, அதற்குப் பாயும் இரத்தமும் குறைகிறது. நனைந்த ஜேர்சியோடு மின்விசிறியின் கீழே போய் உட்கார்ந்துவிட்டால் இன்னும் விரைவாக ஆறும். 15, 20 நிமிடம் சும்மா இருந்தாலே சேர்த்த சூட்டில் கணிசமான பகுதி போய்விடும்.

போனால் என்ன? சூடான தசையில் நரம்பின் கட்டளை விரைவாகச் செல்லும், தசையிழை விரைவாகச் சுருங்கும். தசையின் வெப்பம் 1 பாகை இறங்கினால் பாய்ச்சலிலும் குறுந்தூர வேகத்திலும் 2 முதல் 5 சதவீதம் வரை குறையலாம். பந்தை நோக்கி இருவர் ஓடும்போது யார் முதலில் தொடுவது என்பதைத் தீர்மானிக்க அது போதும்.

[காட்சி: பாடசாலை மைதானம், வரிசையாக நிற்கும் இரு அணிகள்]

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். பாடசாலை உதைபந்தாட்டப் போட்டி 4 மணிக்கு. 3.45க்கு வோர்ம் அப் முடிந்துவிட்டது. பிரதம விருந்தினர் இன்னும் வரவில்லை. வாகனம் பொரளைச் சந்தியில் நிற்கிறதாம். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். அவர் வந்ததும் கைகுலுக்கல், பாடசாலைக் கீதம், புகைப்படம், பிறகு இன்னொரு புகைப்படம். அது முடிந்து விசில் ஊதிய முதல் நிமிடத்திலேயே ஓரத்தில் ஆடும் பையன் முழு வேகத்தில் பாய வேண்டும். கொழும்பில் வீரர்களின் சூட்டை அதிகம் தின்பது காலநிலை அல்ல, சம்பிரதாயம் என்பதே என் கணிப்பு.

விருந்தினரை விரட்ட முடியாது. அறிமுகத்தை வோர்ம் அப்பின் கடைசிக் கட்டத்துக்கு முன் வைத்துக்கொள்ளலாமா என்று பொறுப்பாசிரியரிடம் முதல் நாளே கேட்கலாம். முடியாது என்றால் வரிசையில் நிற்கும்வரை ட்ரக் சூட் காற்சட்டையைக் கழற்ற வேண்டாம். நனைந்த ஜேர்சியை மாற்றி உலர்ந்ததைப் போடுங்கள். கைகுலுக்கல் முடிந்ததும் நாலைந்து துள்ளல், இரண்டு குறும் பாய்ச்சல். மத்தியஸ்தர் நாணயம் சுண்டும் நேரத்துக்குள் இதை முடித்துவிடலாம்.

இடைவேளையிலும் இதே சிக்கல்தான். டென்மார்க் ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், இடைவேளை முழுவதும் உட்கார்ந்திருந்த உதைபந்தாட்ட வீரர்களின் தசை வெப்பம் ஏறக்குறைய 2 பாகை இறங்கியது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் அவர்களின் வேகமும் குறைந்தது. இடைவேளையில் 7 நிமிடம் மிதமாக உடம்பை அசைத்தவர்களுக்கு வேகம் குறையவில்லை. 15 நிமிட இடைவேளையில் 7 நிமிடத்தைப் பயிற்றுநரிடமிருந்து பறிப்பது கடினம். அவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். கடைசி 3 நிமிடத்தையாவது கேட்டு வாங்குங்கள்.

மாற்று வீரர்களின் பாடு இதைவிட மோசம். ஒரு மணி நேரமாக வாங்கில் உட்கார்ந்திருப்பவரிடம், "தம்பி, எழும்பு, நீ உள்ளே போகிறாய்" என்பார்கள். அந்தத் தம்பி அதற்கு முன்பே எல்லைக்கோட்டோரம் ஓடிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

[காட்சி: வெள்ளித் தாள் போன்ற மேலங்கி]

வெளிநாடுகளில் இதற்கென்றே உடைகள் இருக்கின்றன. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரித்தானிய சைக்கிள் வீரர்கள் மின்கலத்தால் சூடாகும் காற்சட்டை அணிந்து காத்திருந்தார்கள். ரக்பி லீக் வீரர்களுக்கு வெப்பம் காக்கும் மேலங்கி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த மேலங்கியைக் கொழும்பில் வெயிலில் போடுவது வீண் வேலை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. இங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை எளிதில் உலராது. உள்ளுடம்பின் வெப்பம் ஏறினால் பையன் 60ஆம் நிமிடத்திலேயே களைத்துவிடுவான். எனவே காலுக்குக் காற்சட்டை, கழுத்துக்குக் குளிர்ந்த ஈரத் துவாய், குடிக்கக் குளிர்ந்த தண்ணீர். குளிரூட்டிய அறையில் நீண்ட நேரம் இருக்க நேர்ந்தால் மட்டும் கூடுதலாகப் போர்த்திக்கொள்ளலாம்.

கிரிக்கெட்டில் மழை வந்துவிட்டால் எப்போது ஆட்டம் என்றே தெரியாது. 2023 செப்டம்பர் 17இல் பிரேமதாச மைதானத்தில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி, நாணயச் சுழற்சிக்குப் பிறகு பெய்த மழையால் 40 நிமிடம் தாமதமானது. அதன் பிறகு இலங்கை 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது, இந்திய வேகப்பந்து வீச்சாளர் சிராஜ் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்தார். தோல்விக்குத் தாமதம்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிராஜும் அதே மழைக்குத்தான் காத்திருந்தார்.

மழை நேரத்தில் வேகப்பந்து வீச்சாளர் திரும்பத் திரும்ப முழு வோர்ம் அப் செய்தால் ஆட்டத்துக்கு முன்பே சோர்ந்துவிடுவார். தோளையும் முதுகையும் மூடிக்கொண்டு, இடையிடையே எழுந்து நடந்தால் போதும். நடுவர்கள் ஆடுகளத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்கும் நேரத்தை அறிவித்த பிறகு, அதிலிருந்து 15 நிமிடம் பின்னோக்கி எண்ணிப் பந்தைக் கையில் எடுக்கலாம்.