பிடி அரிசிக் கணக்கு

சரி, அடுத்த கேள்வி. இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது. "சாதிச் சங்கம் கட்சியானால் ஏன் நிலைப்பதில்லை? சங்கம் மட்டும் எப்படி நூறு வருஷம் ஓடுகிறது?" என்று கேட்டிருக்கிறார் ஒரு நேயர்.

1952 தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். வன்னியர் ஆதரவோடு இரண்டு கட்சிகள். ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சிக்கு 19 இடம், மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6. நாயக்கர் ராஜாஜி அமைச்சரவைக்குப் போனார், 1954-இல் படையாட்சியார் காமராஜர் அமைச்சரவைக்கு. கட்சிகள் காங்கிரஸில் கரைந்தன. பா.ம.க. இன்றும் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் இட ஒதுக்கீடு கேட்டு 1987 சாலை மறியலை நடத்தியது வன்னியர் சங்கம். 21 உயிர் போனது. 1989-இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத இட ஒதுக்கீடு வந்தது. அதே வருஷம், அதற்கு அப்புறம்தான் கட்சியே பிறக்கிறது.

நான் வழக்கமாகச் சொல்வதுதான், பழைய நேயர்கள் சிரிப்பீர்கள்: கொடியைப் பார்க்காதீர்கள், கணக்கு நோட்டைப் பாருங்கள். விருதுபட்டியில், அதாவது இன்றைய விருதுநகரில், நாடார் உறவின்முறையார், அதாவது ஊரிலுள்ள நாடார் குடும்பங்களின் அமைப்பு, 1889-இல் ஷத்திரிய வித்யாசாலா பள்ளியைத் தொடங்கினார்கள். காமராஜர் படித்தாரே, அதே பள்ளி. பணம் எங்கிருந்து வந்தது? கடைக்காரர் வியாபாரத்தில் மகமை, அதாவது பொதுக் காரியத்துக்கென ஒரு சிறு பங்கு, எடுத்து வைப்பார். வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி தனியாக ஒரு பானையில் விழும். அதைச் சேர்த்து விற்றுத்தான் பள்ளி நடந்தது. நாடார் மகாஜன சங்கம் வந்ததே 1910-இல்தான். பிடி அரிசி அதற்கும் மூத்தது.

இதைப் படித்த பிறகு கேரளத்துப் பக்கம் திரும்பினால், அங்கேயும் பிடி அரிசி! 1914-இல் மன்னத்து பத்மநாபன் தொடங்கிய நாயர் சங்கமும் வீடு வீடாகப் 'பிடியரி' வாங்கித்தான் வளர்ந்தது. எனக்கு அன்றைக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சங்கத்தின் ஆதரவில் பிறந்த என்.டி.பி. (தேசிய ஜனநாயகக் கட்சி) 1982-இல் கேரள முதல்வர் கருணாகரனின் அமைச்சரவை வரை போய்ப் பிறகு காணாமல் போனது. சங்கத்தின் பள்ளிகளும் கல்லூரிகளும் அப்படியே இருக்கின்றன. கட்சிக்காரருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை நம் ஞாபகம் வரும். பிடி அரிசி தினம் இரண்டு வேளை ஞாபகப்படுத்தும்.

உண்மையில் நேயர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. அந்த அரிசியை அள்ளிப் போட்டது யார் கை? அடுப்படியில் நின்ற பெண்ணின் கை. சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்தது? ஒரு ஊரில் சங்கத்துக் கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தேன், எந்தச் சங்கம் என்பது வேண்டாம். வாசலில் நன்கொடையாளர் பெயர் செதுக்கிய பளிங்குக் கல். சாப்பாட்டுப் பந்திக்கு நேரம் இருந்ததால் முழுக்கப் படித்தேன். எல்லாம் ஆண்கள் பெயர். கடைசி வரிசையில் ஒரே ஒரு பெண், அவரும் 'இன்னாரின் மனைவி' என்றுதான் இருந்தார். பக்கத்தில் நின்ற பெரியவரிடம் அந்த அம்மாள் பெயர் என்ன என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "தெரியலையே தம்பி, வீட்டுக்காரர் பெயர்தான் போட்டிருக்கே" என்றார்.