மூலையில்தான் இருக்கிறது கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். ஒரு பாலமோ அணையோ சுமையைத் தாங்குமா என்று இப்போது முதலில் கணினியில்தான் பார்க்கிறோம். கணக்குப் போடுவது கணினி. அதற்கு முந்தைய வேலையும் பிந்தைய வேலையும் நம்முடையவை. மாணவர்களோடு நான் மல்லுக்கட்டுவதெல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

முந்தைய வேலையில் முக்கியமானது மெஷ். ஒரு சுவரைக் கணினி முழுசாகப் பார்க்காது. சின்னச் சின்னத் துண்டுகளாக நாம் பிரித்துக் கொடுக்க வேண்டும்; அந்தத் துண்டுகளின் வலைதான் மெஷ். வீட்டில் டைல்ஸ் ஒட்டும்போது நடுக்கூடம் மளமளவென்று முடியும். மூலைக்கு வந்தால் கொத்தனார் அளந்து அளந்து வெட்டுவார். மெஷ்ஷிலும் மூலைதான் பாடுபடுத்தும். விசை குவிவது அங்கேதான், துண்டுகள் பொடியாக இருக்க வேண்டியதும் அங்கேதான்.

நார்வேயில் நடந்ததைச் சொல்கிறேன். 1991 ஆகஸ்ட் 23. ஸ்டாவங்கர் நகரத்துக்கு அருகே, ஸ்லைப்னர் ஏ என்ற, கடலில் எரிவாயு எடுக்கும் மேடையின் கான்கிரீட் அடித்தளத்தை மிதக்கவிட்டு, உள்ளே தண்ணீர் ஏற்றி மெல்ல அமிழ்த்திக்கொண்டிருந்தார்கள். ஒன்றோடொன்று ஒட்டிய 24 பெரிய அறைகள். மூன்று அறைகள் சேரும் இடத்தில் முக்கோணமாய் ஒரு சந்து, அதற்குள் கடல்நீர். அடித்தளம் இறங்க இறங்க அந்த நீர் சுவரை நெருக்கும். 65 மீட்டர் வாக்கில் சுவர் பிளந்தது. பம்புகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய கட்டுமானமும் கடலடியில் மோதி நொறுங்கியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

விசாரணையில் அகப்பட்டது அந்த மூலைதான். மெஷ் துண்டுகள் பெரிதாக, கோணல்மாணலாக இருந்தன. சுவரை வெட்டும் விசை 47 சதவீதம் குறைத்து மதிப்பிடப்பட்டிருந்தது. அந்த எண்ணை நம்பிச் சுவரைக் கட்டினார்கள். அங்கே போட்ட கம்பியும் நீளம் போதவில்லை. பிறகு கவனமாக மெஷ் போட்டுக் கணக்கிட்டபோது, 62 மீட்டரில் உடையும் என்று வந்தது! உடைந்தது 65-ல். திரும்பவும் சொல்கிறேன்: கணக்குமுறை பிழையில்லை, மூலையைப் பிரித்துக் கொடுத்த விதம்தான் பிழை.

பிந்தைய வேலை, அதாவது வந்த விடையைச் சரிபார்ப்பது பற்றி நிறையப் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சரி, ஒன்று மட்டும். எங்கே விசை அதிகம், எங்கே குறைவு என்று திரையில் வரும் சிவப்பு, நீலப் படத்தை உடனே நம்பாதீர்கள். தாங்கிகளில், அதாவது கட்டுமானத்தைத் தாங்கி நிற்கும் இடங்களில், வந்த விசைகளை முதலில் கூட்டுங்கள். நீங்கள் ஏற்றிய சுமையோடு அது ஒத்துப்போகாவிட்டால் படத்தை மூடிவிட்டு மெஷ்ஷுக்கும் தாங்கிகளுக்கும் திரும்பிப் போங்கள். ஒத்துப்போனாலும், மெஷ்ஷை இன்னும் பொடியாக்கி ஒருமுறை ஓட்டி, மூலையில் எண் மாறுகிறதா என்று பாருங்கள். நன்றி, வணக்கம்.